விருந்தாளிக்கு வைத்த கோழி

7

வாயுலி கிராமத்தில் ஒரு வீட்டுக்கும் சுவர் கிடையாது. தூண் இருக்கும், கூரை இருக்கும், நடுவில் காற்று இருக்கும். மழை சாய்ந்து அடித்தால் ஓலைத்தட்டியை இறக்கிவிட்டுக்கொள்வார்கள். மேலண்டை வீட்டில் ஒருவர் தும்மினால் கீழண்டை வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் தட்டைக் கையால் மூடிக்கொள்வார். இப்பேர்ப்பட்ட ஊரில் ஒரு கொலை நடந்து, கொலைகாரன் யாரென்று வாரக்கணக்கில் யாருக்கும் தெரியவில்லை என்றால், கொலையைவிட அதுதான் ஊருக்குப் பெரிய அவமானம்.

செத்தது ஒரு பறவை. பெயர் மனுமேயா. சமோவா நாட்டுக் காடுகளைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத புறா. கீழ் அலகில் பல் வைத்திருக்கும். ஜனங்களில் முக்கால்வாசிப் பேர் அதை இருபது தாலா நோட்டில்தான் பார்த்திருக்கிறார்கள். அதையும் சரியாகப் பார்த்ததில்லை, நோட்டு கையில் நின்றால்தானே?

அப்பியா நகரத்திலிருந்து கப்பலேறி சவாயித் தீவுக்கு இந்த வழக்கைத் துப்பறிய வந்தவள் மாத்தலேனா. நீண்டகாலம் போலீஸில் இருந்தவள். மந்திரி ஒருவரின் காணாமல்போன பன்றியைக் கண்டுபிடித்த குற்றத்துக்காக வேலையை விட வேண்டியதாயிற்று. பன்றி மந்திரியின் மாமியார் வீட்டு அடுப்பில் இருந்தது. வெயிலோ மழையோ, கையில் ஒரு கறுப்புக் குடை. அதை அவள் விரித்ததை யாரும் கண்டதில்லை.

கூட வந்தவன் எரேமியா. முன்பு பழைய கார் விற்றவன். பைபிளில் புலம்புவதற்கென்றே பிறந்த தீர்க்கதரிசியின் பெயரை அவன் அம்மா ஆசையாக வைத்தாள். அவனோ பிறந்ததிலிருந்து ஒரு தடவையும் புலம்பியதில்லை. சொந்த அப்பாவின் அடக்கத்தில் இரண்டு பேரைச் சிரிக்க வைத்தான். அதில் ஒருவர் போதகர்.

ஞாயிறு காலை. டாக்டர் தெலேசியா ஒலிப்பதிவுப் பெட்டியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். பறவைகளைப் படித்துப் பட்டம் வாங்கியவள். பாதி வயதைக் காட்டில் கழித்ததால் காது பெரிதாகவும் பேச்சு சின்னதாகவும் ஆகிப்போனவள். இவர்களை வரவழைத்தவளும் அவள்தான்.

"இதைக் கேளுங்க," என்று பொத்தானை அமுக்கினாள்.

மழைச் சத்தம். இலைச் சத்தம். அப்புறம் ஒரு குரல். தொலைவில் ஒரு பசு, யாரிடமோ சொல்ல மறந்த சங்கதியை நினைத்துக்கொண்ட மாதிரி, ஒரே ஒரு தடவை.

எரேமியாவுக்கு முதுகுத்தண்டு சில்லிட்டது. அதை மறைக்க, "நம்ம பஸ்ஸுக்கு ஹாரன் இதைவிட நல்லா இருக்கும்," என்றான்.

"வாயை மூடுடா," என்றாள் மாத்தலேனா. "சொல்லுங்க டாக்டர்."

"இந்தக் குரலுக்காகப் பன்னெண்டு வருஷம் தேடினேன். மொதல்ல கேட்டது சவேலியோதான். எனக்குக் காட்டுல வழி காட்டறவர். அவரு இல்லன்னா எனக்கு அங்க கிழக்கு மேக்கு தெரியாது. குரல் கிடைச்சதும் ஊரே கொண்டாடுச்சு. தலைவர் இலாயா ஊர்ச்சபையைக் கூட்டி, காட்டுக்குள்ள இனி துப்பாக்கி போகக் கூடாதுன்னு தடை போட்டாரு. மனுமேயா மேல கை வெச்சவன் குடும்பத்தோட ஊரை விட்டுப் போயிரணும்னு தீர்ப்பும் சொன்னாரு. எனக்கு ஒரு விருந்தும் வெச்சாங்க."

"என்ன போட்டாங்க?" என்றான் எரேமியா.

"உனக்கு வேற புத்தியே வராதா?"

"வரும்க்கா. சாப்பிட்டப்புறம் வரும்."

டாக்டர் லேசாகச் சிரித்தாள். "கோழிதான். புறா கண்ணுல பட்டா இலையை விட்டு எழுந்துருவேன்னு முன்னாடியே சொல்லிட்டேன். வேட்டைக்காரங்க காட்டுப்புறாவைச் சுடறப்ப மனுமேயாவும் சேர்ந்து சாகுது. மரத்து உச்சியில ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், குரலும் அண்ணன் தம்பி மாதிரி. அதனால தேங்காப்பால்ல கோழி. நெஞ்சுக்கறி. கொஞ்சம் கடினமா, கறுப்பா இருந்துச்சு, ஆனா பொய் சொல்லக்கூடாது, நான் ரெண்டாந்தரம் கேட்டு வாங்கினேன். தலைவருக்கு முகமெல்லாம் பல்லு."

"குரல் எப்ப நின்னுச்சு?" என்றாள் மாத்தலேனா.

"விருந்துக்கப்புறம் ஒரு வாரம் கேட்டுச்சு. முன்னைவிட நல்லா, முன்னைவிடக் கிட்டத்துல. ஜோடியைக் கூப்பிடற குரல்னு எனக்குத் தோணுச்சு. வெளிநாட்டுல இருக்கற சிநேகிதங்களுக்கெல்லாம் அனுப்பி, ‘தனியா இருக்கு, துணை தேடுது’ன்னு எழுதினேன். எழுதின மறுநாள் நின்னுபோச்சு. வியாழக்கிழமை."

"அன்னிக்கு ஊர் ஆம்பளைங்க எல்லாம் எங்க இருந்தாங்க?"

"கோயில் கூரை மேல. புதுத் தகரம் அடிச்சாங்க. புதன், வியாழன் ரெண்டு நாளும் பகல் முழுக்க, ஒருத்தர் பாக்கியில்லாம. சாயங்காலம் சவேலியோ என்கூடத்தான் காட்டுல இருந்தாரு."

"பக்கத்து ஊர்க்காரங்க?"

"மலைப்பாதையை வெள்ளம் அடிச்சுட்டுப் போயிருச்சு. அந்தப் பக்கத்துலருந்து ஆடு கூட வர முடியாது."

"சுட ஆளே இல்ல, ஆனா பறவை இல்ல," என்றான் எரேமியா. "ஊர் முழுக்கக் கடவுள் தலைக்கு மேல நின்னு ஆணி அடிச்சிட்டிருந்திருக்கு. இதைவிட நல்ல சாட்சி எவனுக்குக் கிடைக்கும்?"

"சவேலியோவைப் பார்க்கணுமே."

"அவரு இப்பக் காட்டுக்கு வர்றதில்ல. முதுகுவலின்னு படுத்திருக்காரு. அதுவும் அந்த வியாழனிலருந்துதான்." டாக்டர் பெட்டியைத் துணியால் மூடினாள். "நீங்க கோயிலுக்குக் கிளம்புங்க. நான் சனிக்கிழமை கும்பிடற சபை, இன்னிக்கு எனக்கு இங்கதான் வேலை. மாத்தலேனா, யாருன்னு தெரிஞ்சா எனக்குச் சொல்லுங்க. ஊருக்குச் சொல்றதுக்கு முன்னாடி எனக்கு. அவன் முகத்தைப் பார்த்து ஒண்ணே ஒண்ணு கேக்கணும்."

"என்ன?"

"அது விழறப்ப எப்படி இருந்துச்சுன்னு. நான் அதைப் பார்த்ததே இல்லியே. குரல்தான் கேட்டிருக்கேன்."

  எரேமியா எழுந்து செருப்பை மாட்டினான்.

*

வாயுலி போதகர் பிரசங்கம் ஆரம்பித்தபோது முன்வரிசைக் குழந்தைக்குப் பல் இல்லை, முடித்தபோது இருந்தது என்று ஊரில் சொல்வார்கள். மிகைப்படுத்துகிறார்கள். ஒரு பல்தான்.

விருந்தாளிகள் என்பதால் இவர்கள் இருவரையும் முன்னால் உட்கார்த்தியிருந்தார்கள். எதிரே பாட்டுக்குழு. வெள்ளை உடுப்பு, வெள்ளை ஓலைத்தொப்பி, பெண்கள் இரண்டு வரிசை. தொப்பிகளில் ரோஜா, செம்பருத்தி, திராட்சைக் கொத்து, எல்லாம் பிளாஸ்டிக்.

மாத்தலேனா குடைக்காம்பில் முகவாயை ஊன்றி, தூங்குகிறவள் போலிருந்தாள். அப்படி இருந்தால் அவள் தூங்கவில்லை என்று எரேமியாவுக்குத் தெரியும்.

"முன்வரிசை, நாலாவது தொப்பி," என்றாள், உதடு அசையாமல்.

பார்த்தான். வட்ட முகம், நல்ல கணீர்க்குரல். தொப்பிப் பட்டையைச் சுற்றி மற்றவர்கள் பிளாஸ்டிக் பூ வைத்திருந்த இடத்தில் இவள் நிஜ இறகு தைத்திருந்தாள். ஒரு விரல் நீள இறகுகள், நெருக்கமாக, அழகாக. சுடவைத்த கோகோவின் நிறம்.

"சேவல் இறகா இருக்கும்க்கா."

"சேவல் இறகு மினுங்கும்டா, உன்னோட பழைய கார் மாதிரி. இது மினுங்கலை. டாக்டர் காட்டின படத்துல முதுகு என்ன நிறம்?"

எரேமியா தொப்பியை மறுபடி பார்த்தான். கோகோ நிறம்.

"காட்டுப்புறாவுக்கு?"

"பச்சைக் கறுப்பு."

"பாட்டைக் கேளு. அந்தப் பொண்ணு முகத்தைப் பாரு. கொலை பண்ணின இறகைத் தலையில வெச்சிட்டு எவளாவது கடவுளுக்கு நேரா நின்னு இப்படிப் பாடுவாளா? அவளுக்குத் தெரியாது. தெரிஞ்ச ஆளு ஒருத்தர் பின்னால உட்கார்ந்திருப்பாரு. அந்தத் தொப்பியைப் பார்க்க முடியாம தரையைப் பார்த்துட்டு." குடை நழுவித் தரையில் விழுந்தது. குனிந்து எடுக்கும் சாக்கில் அவள் பின்னால் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தில் வெற்றி இல்லை. பல்வலி வந்தவள் மாதிரி இருந்தாள்.

"ஆளைப் பார்த்துட்டியா?"

"பார்த்தேன். ஜெபம் பண்ணு, பேசாத."

*

கோயில் விட்டதும் தலைவர் இலாயா வீட்டில் சாப்பாடு. கல்லடுப்பிலிருந்து இலையோடு எடுத்த சேப்பங்கிழங்கு, தேங்காய்ப்பாலில் வெந்த கீரைப்பொட்டலம், கோழி. விருந்தாளிகள் முதலில் சாப்பிட வேண்டும். வீட்டுக்காரர்கள் சுற்றி உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டு அதைப் பார்க்க வேண்டும். மிச்சம் இருந்தால் அவர்களுக்கு. எரேமியா சாப்பிடப் போன வீடுகளில் அநேகமாக மிச்சம் இருந்ததில்லை.

தலைவருக்கு எழுபதுக்குப் பக்கம். இடுப்பிலிருந்து முழங்கால் வரை பச்சை குத்தியவர். அவர் உட்கார்ந்தால் அந்தப் பக்கம் தரை கொஞ்சம் தாழ்ந்தது போலத் தோன்றும்.

"சாப்பிடு தம்பி, கூச்சப்படாத."

"எனக்குக் கூச்சமே கிடையாதுங்கய்யா. எல்லாம் காலா இருக்கேன்னு பார்த்தேன். ஒரு நெஞ்சுத் துண்டு கிடைக்குமா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அதில் நியாயம் இருந்தது. கடல் தாண்டி இந்த நாட்டுக்குப் பெட்டியில் வருகிற கோழிக்குக் கால் மட்டும்தான் உண்டு. மற்றதெல்லாம் எந்தத் தேசத்தில் நின்றுவிடுகிறதோ தெரியாது. வாயுலிப் பிள்ளைகளைக் கோழி வரையச் சொன்னால் நாலு கால் போட்டு, முடிந்தது என்று எழுந்துவிடுவார்கள்.

"பெட்டிக்கோழிக்கு நெஞ்சு ஏது தம்பி?" என்றார் தலைவர்.

"ஊர்க்கோழி?"

"அது நாயைப் பார்த்து ஓடி, பிள்ளைங்களைப் பார்த்து ஓடி, நெஞ்சு இருந்த இடத்துல மூச்சு மட்டும்தான் இருக்கும்."

மறுபடி சிரிப்பு. மாத்தலேனா மென்றுகொண்டிருந்தது நின்றது.

"அப்படின்னா டாக்டரம்மாவுக்கு விருந்தன்னிக்கு என்னங்கய்யா வெச்சீங்க?"

சிரிப்பு ஒவ்வொரு வாயாக அணைந்தது. தலைவர் ஈ ஓட்டும் விசிறியை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார். ஈ ஒன்றும் இல்லை.

"கோழி," என்றார்.

"நல்ல நெஞ்சுக்கறியாம். ரெண்டாந்தரம் கேட்டு வாங்கினாங்களாம்."

"ஆமா." அவர் குரல் தரையோடு போயிற்று. "மனசார சாப்பிட்டாங்க."

"யாரு சமைச்சது?"

"சூலியா. சவேலியோ பொண்டாட்டி. பாட்டுக்குழுவுல இருப்பா."

மாத்தலேனா கையைக் கழுவினாள். தட்டில் பாதிக் கால் மிச்சம் இருந்தது. எரேமியா அதை ஒரு பார்வை பார்த்தான், ஆச்சரியமாக, தொடாமல் எழுந்தான்.

*

"அக்கா, எனக்குத் தெளிவா சொல்லு," என்றான், தென்னந்தோப்பு வழியே நடக்கும்போது. "இந்தத் தீவுல எல்லாமே நெஞ்சா, காலே இல்லாத பறவை என்ன?"

"புறா."

"டாக்டரம்மா புறா வேண்டாம்னு சொல்லியிருக்காங்களே?"

"அவங்க வேண்டாம்னாங்க. ஆனா ஊருக்கு வந்த பெரிய விருந்தாளிக்குப் புறா வைக்காம பெட்டிக்கோழி வெச்சாருன்னு நாளைக்குப் பக்கத்து ஊர்ல பேசினா, இலாயா தலையைத் தூக்கி நடக்க முடியுமா? விருந்தாளி சொல்லையும் தட்டக்கூடாது, மானத்தையும் விடக்கூடாது. என்ன பண்ணுவாரு? புறாவை வெச்சு, கோழின்னு சொல்லுவாரு."

எரேமியா நடையை நிறுத்தினான். "அந்தப் புறா…"

"தொப்பியில இருக்கு."

ஒரு தேங்காய் விழுந்தது. இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"இல்லக்கா, இடிக்குது. விருந்து அன்னிக்கே அது செத்திருந்தா, அதுக்கப்புறம் ஒரு வாரம் கூவினது யாரு? டாக்டரம்மா அந்தக் குரலைப் பெட்டியில பிடிச்சு வெச்சிருக்காங்களே!"

"நம்மளும் ஊரும் வியாழக்கிழமையையே நோண்டிட்டிருந்தோம். அன்னிக்கு ஒரு பறவையும் சாகலை. அன்னிக்கு ஒரு மனுஷனுக்குக் கூவ முடியாம போச்சு." குடையால் முன்னே காட்டினாள். "காட்டுல அந்தக் குரலை முதல்ல கேட்டவரு யாரு? டாக்டரம்மாவுக்கு முன்னாடி?"

சவேலியோ வீட்டுத் தூணில் சாய்ந்து உட்கார்ந்து எலிப்பொறிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். பறவைக் கூட்டில் எலி ஏறாமல் இருக்க டாக்டரம்மா கொடுத்த பொறிகள். வரிசையாக, பளபளவென்று இருந்தன. முதுகுவலிக்காரன் உட்காரும் தினுசு இல்லை அது. காலையில் கோயிலில் பின்வரிசையில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவன் அவன்தான். உள்ளே சூலியா கோயில் தொப்பியை ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்க வாங்க, உட்காருங்க," என்றாள் சூலியா. "கோகோ போடட்டுமா?"

"தொப்பி அழகா இருக்கும்மா," என்றாள் மாத்தலேனா. "இறகு எங்க வாங்கினது?"

"வாங்கலை. விருந்துக்கு இவரு சுட்டுக் கொண்டுவந்த புறா. தலையை வெட்டி, அரைகுறையாப் பறிச்சுக் கொடுத்தாரு. என்னிக்கும் அப்படிக் கொடுக்க மாட்டாரு. முதுகுல மிச்சம் இருந்துச்சு, நிறம் நல்லா இருந்துச்சு, தூக்கிப்போட மனசு வரலை." சட்டென்று நாக்கைக் கடித்தாள். "ஐயோ, டாக்டரம்மாகிட்ட சொல்லிராதீங்க. கோழின்னுதான் சொல்லணும்னு தலைவர் ஐயா சொன்னாரு."

"சூலியா," என்றான் சவேலியோ. "கோகோ போடு."

அவள் அடுப்படிக்குப் போனாள். அவன் எண்ணெய்க் கையைத் துடைத்தான். இடுப்பில் சுற்றிய லாவலாவா மடிப்பிலிருந்து சின்ன துணி முடிச்சு ஒன்றை எடுத்து, தரையில் வைத்து, பிரித்தான்.

ஒரு அலகு. செம்மஞ்சள் நிறம். மேலே கொக்கி மாதிரி வளைவு. கீழே இரண்டு பல்.

"புதைக்கப் பார்த்தேன்," என்றான். "முடியலை. கடல்ல போடப் போனேன். அதுவும் முடியலை."

 அவனே சொன்னான்.

"தலைவர் ஐயா ஒரே ஒரு புறான்னாரு. டாக்டரம்மாவுக்கு மட்டும். தடை மறுநாள்தான் ஆரம்பம், இன்னிக்குப் போயிட்டு வந்துருன்னாரு. விடியற நேரம். மரத்து உச்சியில சூரியனுக்கு நேரா ஒண்ணு உட்கார்ந்து பழம் தின்னுட்டிருந்துச்சு. கறுப்பா உருவம்தான் தெரிஞ்சுது. சின்ன வயசுலருந்து சுடறவன். கை தானா போயிருச்சு. கீழ விழுந்ததும் போய்த் திருப்பினேன்." நிறுத்தினான். "அலகைப் பார்த்தேன்."

"உயிர் இருந்துச்சா?"

"கொஞ்ச நேரம். என்னைப் பார்த்துச்சு. அந்தம்மாவோட நான் அதைத் தேடித் திரியாத பள்ளம் இல்ல, ஏறாத மேடு இல்ல. அதுக்கு என்னைத் தெரியாது. எனக்கு அதைத் தெரியும்."

"கொண்டுபோய்க் காட்டியிருக்கலாமே, சவேலியோ."

"நான் இறங்கி வந்தப்ப கீழ அடுப்புல கல்லு பழுத்திருந்துச்சு. ஊர் மொத்தமும் மாலையோட உட்கார்ந்திருந்துச்சு. அந்தம்மா பாட்டுக்குத் தாளம் போட்டுட்டிருந்தாங்க. அவங்க சிரிச்சு நான் அன்னிக்குத்தான் பார்த்தேன்." கண்ணைத் துடைத்தான். எண்ணெய் முகத்தில் ஏறியது. "மறுநாள் காட்டுல ஒரு சத்தமும் இல்ல. சாயங்காலம் வரைக்கும் காதுல கை வெச்சுட்டே உட்கார்ந்திருந்தாங்க. பார்க்க முடியலை. பழம் பறிச்சிட்டு வர்றேன்னு சரிவுல இறங்கி, நான் கூவினேன். ஒரே தடவைன்னுதான் நினைச்சேன். அந்தம்மா முகத்தைப் பார்த்ததும் அடுத்த நாளும் கூவினேன்."

"வியாழக்கிழமை?"

"பகல் முழுக்க ஆணி அடிச்சேன். சாயங்காலம் காட்டுக்குப் போனோம். பாதையில சொன்னாங்க. ‘சவேலியோ, இது தனியா இருக்கு, துணையைக் கூப்பிடுது, குரல்ல அழுகை இருக்கு, உனக்குக் கேக்குதா’ன்னு." அவன் அலகைப் பார்த்தான். "கேக்குதும்மான்னேன். அப்புறம் எனக்குக் குரல் வரலை."

எரேமியா ஏதாவது சொல்லியாக வேண்டும் என்பது போல வாயைத் திறந்தான். கார் விற்ற காலத்தில் இஞ்சின் இல்லாத வண்டிக்கே நாலு வார்த்தை நல்லதாகச் சொன்னவன் அவன். வாயை மூடிக்கொண்டான்.

சூலியா கோகோவோடு வந்து, தரையில் கிடந்ததைப் பார்த்து, அப்படியே நின்றாள். அப்புறம் ஆணியில் தொங்கிய தொப்பியைப் பார்த்தாள். கோப்பைகளை ஒவ்வொன்றாகக் கீழே வைத்தாள். ஒரு சொட்டும் சிந்தவில்லை.

"நாளைக்குக் காலையில நான் டாக்டரம்மாகிட்ட சொல்லணும், சவேலியோ," என்றாள் மாத்தலேனா. "வாக்குக் கொடுத்திருக்கேன். அதுக்கு முன்னாடி நீங்க செய்யவேண்டியது எதுவோ, உங்களுக்கே தெரியும்."

*

திங்கள் காலை வெளிச்சம் வந்தபோது, டாக்டர் வீட்டு வாசல் புல்வெளியில் ஒரு பாய் கிடந்தது.

கிடந்தது என்பது சரியில்லை. உட்கார்ந்திருந்தது. ஒரு குடும்பம் உயிரைப்போலப் பெட்டியில் வைத்துக் காக்கும் மெல்லிய பாய், துணி மாதிரி வழவழப்பாக. ஓரத்தில் சிவப்பு இறகுக் குஞ்சம். ஒரு காலத்தில் காட்டுக்கிளி இறகு, இப்போதெல்லாம் சாயம் போட்ட கோழி இறகு. அதற்கடியில் தலை குனிந்த இரண்டு உருவங்கள். முன்னால் விறகுக்கட்டு, அடுப்புக்கல், வாழையிலை.

சமோவாவில் இதற்கு ஒருவரும் விளக்கம் சொல்ல மாட்டார்கள், கேட்கவும் மாட்டார்கள். பெரிய தப்பு செய்தவன் இப்படித்தான் வந்து உட்காருவான். எங்களைப் பன்றியாக நினைத்து அடுப்பில் போட்டாலும் சரி, விறகு கல் இலை எல்லாம் நாங்களே கொண்டுவந்துவிட்டோம் என்று அர்த்தம். பாதிக்கப்பட்டவர் வந்து பாயைத் தூக்கிவிட்டால் மன்னிப்பு. தூக்காவிட்டால், வெயில் ஏறினாலும் மழை கொட்டினாலும் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

ஒரு உருவத்தின் பாதம் காட்டுக் கல்லில் வெடித்த பாதம். இன்னொன்றின் முழங்காலில் பச்சை குத்தியிருந்தது.

"தலைவரா?" என்றான் எரேமியா மெதுவாக.

"ஊரை விட்டு அனுப்பற தீர்ப்பைச் சொன்னவரு," என்றாள் மாத்தலேனா. "முதல் ஆளா வந்து உட்கார்ந்துட்டாரு."

பக்கத்தில் சூலியா, தொப்பியை மடியில் கவிழ்த்து வைத்திருந்தாள். இறகுகளைப் பிரித்தெடுத்து வாழையிலையில் வரிசையாக வைத்திருந்தாள். அவற்றின் நடுவே அலகு.

டாக்டர் தெலேசியா கூந்தலை முடிந்துகொண்டே வெளியே வந்தாள். பாயைப் பார்த்தாள். விறகைப் பார்த்தாள். "என்கிட்டயா?" என்றாள். "எனக்கு யாரு என்ன பண்ணினாங்க?"

மாத்தலேனா படி இறங்கி அவள் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னாள். குரலை உயர்த்தாமல், ஒன்றையும் விடாமல். வேட்டை, மரத்து உச்சி, சூரியன், அலகு. சரிவில் கூவிய குரல். எல்லாவற்றுக்கும் கடைசியாக, விருந்து.

டாக்டர் தூணைப் பிடித்துக்கொண்டாள். வெகுநேரம் இலையில் இருந்த இறகுகளையே பார்த்தாள்.

"ரெண்டாந்தரம் கேட்டேனே," என்றாள்.

டாக்டர் இரண்டு விரலை மடக்கினாள்.

"நெஞ்சுக்கு ரெண்டு பக்கம்தான். ரெண்டு பக்கமும் நானே." கையை வாயில் வைத்துக்கொண்டாள். "பன்னெண்டு வருஷம் தேடினேன். என் முன்னாடி கொண்டுவந்து வெச்சாங்க. எனக்குத் தெரியலை."

பாய்க்கடியிலிருந்து விம்மல் ஒன்று வந்தது. யாருடையது என்று சொல்ல முடியவில்லை. அதற்குள் ஊரே கூடிவிட்டது. சுவர் இல்லாத ஊரில் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.

அவள் புல்லில் இறங்கி நடந்தாள். இலையில் இருந்த அலகை எடுத்து உள்ளங்கையில் வைத்து மூடினாள். அப்புறம் குனிந்து, பாயின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினாள்.

கூட்டம் பெருமூச்சு விட்டது. எரேமியாவும் விட்டான். முடிந்தது, மன்னித்துவிட்டாள், இனி அழுது கட்டிப்பிடித்து கோகோ குடிப்பார்கள் என்று நினைத்தான்.

அவள் பாயை எடுக்கவில்லை. தூக்கிய ஓரத்தின் வழியே குனிந்து உள்ளே போனாள். சவேலியோவுக்கும் இலாயாவுக்கும் நடுவில் உட்கார்ந்தாள். பாயை இழுத்துத் தன் தலைமேலும் போட்டுக்கொண்டாள்.

சிவப்புக் குஞ்சம் ஆடி நின்றது. 

"டாக்டர்," என்றாள் மாத்தலேனா. பாயருகே குனிந்தாள். "நீங்கதான் எடுத்துவிடணும்."

"நான் இல்ல மாத்தலேனா," என்றது பாய்க்கு உள்ளேயிருந்து. "எடுத்துவிட வேண்டியது நான் இல்ல."

கிழக்கே மலையைத் தாண்டி மழை வந்தது. முதல் துளி பாயில் விழுந்ததும் மாத்தலேனா குடையை எரேமியாவிடம் நீட்டினாள். அவன் அதை விரித்தான். கம்பி இரண்டு முறிந்திருந்தது, நடுவில் ஒரு ஓட்டை இருந்தது. அதைப் பற்றிச் சொல்ல அவனிடம் நல்ல வார்த்தைகள் நாலைந்து இருந்தன. ஒன்றையும் சொல்லாமல் பாய்க்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றான். முகம் நனைந்திருந்தது. மழை இன்னும் அவ்வளவு பெய்யவில்லை.

காட்டுக்குள் எங்கோ ஒரு புறா கூவியது. ஊர் மொத்தமும் அந்தப் பக்கம் திரும்பியது. பாய்க்கடியில் மூன்று தலைகளும் நிமிர்ந்தன.

"காட்டுப்புறா," என்றான் சவேலியோ உள்ளேயிருந்து. "வெறும் காட்டுப்புறா."

மூன்று தலைகளும் மறுபடி குனிந்தன. மழை வலுத்தது. பாயைத் தூக்கிவிட யாரும் வரவில்லை.